எமகண்டத்தில் ஆடிய செனகல்

போன ஞாயிற்றுக்கிழமை ஏ.எஸ்.ராவ் நகர் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்க மாணவன். நல்ல உயரம். பச்சைக் கால்பந்துச் சட்டை. கூடையில் ரவை, வெங்காயம், ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய். ரவையும் ஊறுகாயும் வாங்குகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எனக்குப் பிடித்துப்போகும். பச்சைச் சட்டை வேறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "செனகலா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் முகம் சுருங்கியது. "நோ ஆன்ட்டி. நைஜீரியா."

டெல்லியில் எவனாவது நம்மைப் பார்த்து மதராஸியா என்று கேட்டால் நமக்கு எப்படி எரியும்? அதே எரிச்சலை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன். என்னை ஆன்ட்டி என்றதற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அதுவும் போகட்டும். வீட்டுக்கு வந்து, நானும் வாங்கி வந்திருந்த ரவையைக் கேசரிக்காக நெய்யில் வறுக்க ஆரம்பித்தேன். வறுபட்ட ரவையின் வாசனை மூக்கில் ஏறியதும் செனகல் முழுசாக வந்து அடுப்படியில் நின்றுவிட்டது.

ஹைதராபாத்தில் புளிக்கும் பருப்புக்கும் வரிசையில் நிற்கிற ஒரு தமிழச்சிக்கு செனகல் மேல் என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உரிமை உண்டு. ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு நானே எடுத்தது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் வேலை பார்த்தேன். இன்று டிக்கெட் என்றால் போனில் வந்து விழுகிற ஒரு கட்டம் போட்ட படம். அன்று அது ஒரு சின்னப் புத்தகம். தாள்களின் முதுகில் சிவப்புக் கார்பன் தடவியிருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் மருதாணியா என்று கேட்பார்கள். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். எனக்கு இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மிக்ஸி ஓடினால்கூட வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

அந்த வேலை எனக்கு உயிர். பெரிய காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் நான் இன்னும் வரன் அமையாத பெண். ஆபீஸில் என் கை படாமல் ஒரு வெளிநாட்டு டிக்கெட் வெளியே போகாது. சென்னையைத் தாண்டி எங்கும் போயிராத நான், லண்டன் போகிறவரிடம் துபாயில் மாறினால் நல்லதா, பம்பாயில் மாறினால் நல்லதா என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். அவரும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார். இந்த சுகம் யாருக்குக் கிடைக்கும்?

மேனேஜரை நாங்கள் எல்லோரும் சாப் என்போம். பழைய ஹைதராபாத் மனிதர். வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாய், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கோபம் வந்தாலும் 'ஜீ' போட்டுத்தான் பேசுவார். ஜப்பானிலும் கொரியாவிலும் உலகக் கோப்பை நடந்த வருஷம் அது. அங்கே சாயங்காலம் என்றால் நமக்கு மத்தியானம். ஆக ஆட்டமெல்லாம் ஆபீஸ் நேரத்தில் வந்து விழுந்தன. வேலை கெடப்போகிறது என்று தெரிந்ததும் சாப் அதை ஒழுங்காகக் கெடுக்க ஒரு ஏற்பாடு செய்தார். நாடுகளின் பெயரைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, டிக்கெட் டெலிவரிக்குப் போகிறவரின் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த நாடுதான் கடைசி வரை. மாற்றக்கூடாது. தன் நாடு தோற்றால், அடுத்த ஆள் தோற்கும் வரை இரானி ஓட்டலிலிருந்து கெட்டிலில் டீ கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்ற வேண்டும்.

சாப் எடுத்தது பிரான்ஸ். அப்போதைய உலக சாம்பியன். ஆபீஸே கைதட்டியது. நான் எடுத்தது செனகல்.

"கிதர் ஹை ஜீ யே செனகல்?" என்று சாப் உண்மையான அக்கறையோடு கேட்டார். அது எங்கே இருக்கிறதாம்.

எனக்கு அதன் தலைநகரத்தின் டிக்கெட் சுருக்கம் மட்டும் தெரியும். டி.கே.ஆர். டக்கார். பல வருஷம் டிக்கெட் போட்டதில் ஒருவரைக்கூட அந்த ஊருக்கு அனுப்பியதில்லை. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தேன். சரியாகத்தான் இருந்தது. முதல் ஆட்டமே பிரான்ஸுக்கும் செனகலுக்கும் என்று அப்புறம்தான் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாப் கெட்டிலை எடுத்து என் மேஜை மேல் முன்கூட்டியே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. டிக்கெட் வாங்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த சின்ன டிவியின் முன்னால் வாடிக்கையாளர்களை எழுப்பிவிட்டு நாங்கள் உட்கார்ந்தோம். செனகல் என்பது பிரான்ஸ் ஆண்ட நாடு. அந்த அணியில் அநேகமாக எல்லோரும் பிரான்ஸில் கிளப்புகளுக்கு ஆடிப் பிழைப்பவர்கள். உலகக் கோப்பையில் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. அன்றைக்கு அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். போட்டவர் சட்டையைக் கழற்றி மைதானத்தின் மூலையில் விரித்தார். மற்றவர்கள் அதைச் சுற்றி நின்று ஆடினார்கள். ஆட்டம் முடியும் வரை பிரான்ஸால் அதைத் திருப்ப முடியவில்லை. நான் நாற்காலி மேல் ஏறி நின்றதாக இன்றுவரை சொல்கிறார்கள். நான் மறுத்துவருகிறேன்.

"ஹவ் ஜீ, ஹார் கயே," என்றார் சாப். ஆமாம், தோற்றுவிட்டோம். திங்கட்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மாடிப்படி ஏறி வந்து எனக்கு முதல் டீயை ஊற்றினார். அதிலிருந்து எனக்குச் செனகல் மேடம் என்று பெயர்.

பெயர் வந்துவிட்டால் காப்பாற்ற வேண்டாமா? ஆபீஸ் முடிந்ததும் இன்டர்நெட் பார்லரில் உட்கார்ந்து செனகலைப் படித்தேன். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றிருந்தார்கள். கடைசி பெனால்டியைக் கோட்டை விட்டவர் அணியின் கேப்டன். கோப்பை என்று ஒன்றை அவர்கள் அதுவரை ஜெயித்ததே இல்லை. அணிக்குச் செல்லப்பெயர் தெரங்கா சிங்கங்கள். தெரங்கா என்றால் அவர்கள் பாஷையில் விருந்தோம்பல். உலகத்தில் எவனாவது சிங்கத்துக்கு இப்படி ஒரு பட்டம் கொடுப்பானா? சோறு போட்டு அனுப்புகிற சிங்கம்! எனக்கு அந்த ஊரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெங்களூர் டிக்கெட்டுக்கு வந்தவர்களிடம்கூட இதையெல்லாம் சொன்னேன். உருகுவேயோடு மூன்று கோல் முன்னால் இருந்துவிட்டு, எல்லோருக்கும் நான் சமோசா சொன்ன பிறகு, அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்து என் மானத்தை வாங்கினார்கள். அதிலும் விருந்தோம்பல்தான். எப்படியோ சமன் செய்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். ஆனால் ஆட்டத்தின் சட்டதிட்டம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஆஃப்சைடு என்று கொடி தூக்கினால், கொடி தூக்கிய ஆள் மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

இப்போது கேசரிக்கு வருகிறேன்.

அப்பா ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஜினீயர். திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அம்மாவின் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் ஒரு சொட்டும் வற்றவில்லை. அதற்கு முன்னால் என்னைச் சில பேர் வந்து பார்த்து, பஜ்ஜி தின்று, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிப் போயிருந்தார்கள். போலாரத்திலிருந்து ஒரு வரன் வந்தபோது அப்பா தலைகால் புரியாமல் நின்றார். நம்ம பக்கத்து ஆட்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட குடும்பம். பையன் மத்திய அரசுக் கணக்கு ஆபீஸில் வேலை. ஆடி பிறப்பதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாம்ப்பா," என்றேன்.

"ஏன்?"

செனகலுக்கும் ஸ்வீடனுக்கும் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் இருக்கிறது என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா? நான் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன்," என்றேன். "என்ன ஆனாலும் வேலையை விட மாட்டேன். விடச் சொன்னா இந்த இடம் வேண்டாம்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம்ட்டி. முதல்ல அவங்க வரட்டும்," என்றாள் அம்மா. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணமான என் தோழிகளைப் பார்த்து எனக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டீச்சர். அப்புறம் என்பது வரவே இல்லை.

பதினொரு மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். மூன்று பேர். பையன், பையனின் அம்மா, பையனின் பெரியப்பா. பையனின் அப்பா இறந்து சில வருஷமாகியிருந்ததால் பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் வாய். கைப்பையில் பஞ்சாங்கம் வைத்திருந்தார். பையன் பஜ்ஜியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பையனின் அம்மா, பிறகு எனக்கு அத்தை, அன்றைக்குச் சோபாவில் உட்காரவில்லை. அம்மா எவ்வளவோ அழைத்தும், "பரவால்ல மதினி, இங்கயே காத்து வருது," என்று வாசல் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே ஒதுங்கிக்கொண்டார். நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று அவரே வைத்துக்கொண்ட கணக்கு அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் கேசரித் தட்டை நீட்டியபோது என் விரல்களைப் பார்த்து, "மருதாணியா?" என்றார். "டிக்கெட் கார்பன்," என்றேன். சிரித்தார்.

ஜாதகம், சொந்தக்காரர்கள், ஊர்க்கோயில் எல்லாம் பேசி முடித்து, பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு விஷயம். எங்க வீட்டுல மருமகளுங்க வேலைக்குப் போறது கிடையாது. போலாரம் எங்க, பேகம்பேட் எங்க? தினமும் பஸ்ஸுல ஒரு பொம்பளப் பிள்ள போயிட்டு வர்றதெல்லாம் நக்கோ சார், நக்கோ."

நக்கோ என்றால் வேண்டாம். ஆனால் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர் அதை இரண்டு தடவை சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சரி என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, அதப் பத்தி..." என்று ஆரம்பித்தார். பெரியப்பா சட்டென்று கையைத் தூக்கினார்.

"இருங்க! மணி பன்னெண்டு. எமகண்டம் பொறந்துடுச்சு."

உங்களில் யாராவது பஞ்சாங்கம் பார்க்காதவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. அதில் நல்ல காரியத்துக்கு ஆம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது, வாசற்படி இறங்கிக் கிளம்பவும் கூடாது. என் தலையெழுத்தை முடிவு செய்ய வந்த அத்தனை பேரும் ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு ஒரே கூடத்தில் அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. மின்விசிறி சுற்றியது. பையன் இன்னொரு பஜ்ஜி எடுத்தார்.

"டிவி போடட்டுமா?" என்றேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளியது வலித்தது. ஆனால் அப்பாவுக்கும் அந்த மௌனம் தாங்கவில்லை. எழுந்து போய் அவரே போட்டார்.

ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஸ்வீடன் ஒரு கோல் போட்டுவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். பெண் பார்க்கும் இடத்தில் தலை குனிவது நல்லதாகப் போயிற்று.

"மஞ்சச் சட்டைக்காரங்க மங்களகரமா இருக்காங்கல்லா," என்றாள் அம்மா. "அவங்களே ஜெயிக்கட்டும்."

"அவங்க ஸ்வீடன்மா! நம்மது இந்தப் பக்கம்," என்று வாய் தவறிவிட்டது. பிறகு அணை உடைந்தது. பிரான்ஸை இவர்கள் ஜெயித்தது, கேப்டன் கோட்டை விட்ட பெனால்டி, தெரங்கா, சிங்கம், சோறு எல்லாம் கொட்டிவிட்டேன். அம்மா, "ஏட்டி, வந்தவங்க முன்னால இப்படியா வாயாடுவ?" என்று பல்லுக்கிடையில் சொன்னாள். பெரியப்பா பஞ்சாங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். நல்லது கெட்டது தெரியாமல் ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறார்கள் என்று அவர் முகம் சொன்னது.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

"கைக்கு இப்படி எல்லாரும் ஒரே பக்கம் ஓடுறானுங்க? இடது பக்கம் காலியா கிடக்கே!"

அத்தை. ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று டிவியைப் பார்த்துக் கேட்கிறார். நாற்காலி வாசலை விட்டு இரண்டடி உள்ளே வந்திருந்தது.

போலாரத்தில் அவர் பிறந்த வீட்டுக்குப் பின்னால் பட்டாளத்து மைதானம். சின்ன வயதில் மதில் மேல் உட்கார்ந்து ரெஜிமென்ட் ஆட்டங்களை எல்லாம் பார்த்து வளர்ந்தவர். மதிலைத் தாண்டி வரும் பந்தைத் திருப்பி உதைத்துத்தான் கொடுப்பாராம், கையால் தொட மாட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மதிலும் இல்லை, பேச்சும் இல்லை. பேப்பர் வந்தால் விளையாட்டுப் பக்கத்தை யாரும் பார்க்காதபோது பார்ப்பார். இதெல்லாம் பின்னால் அவர் சொல்லித் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு நாடு தெரியும், ஆட்டம் தெரியாது; அவருக்கு ஆட்டம் தெரியும், நாடு தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ரசிகை.

"அது ஆஃப்சைடும்மா. பந்தைத் தட்டும்போதே அவன் முன்னால நின்னுட்டான். கொடி தூக்கினவன் மேல தப்பில்ல," என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். செனகல் ஒரு கோலைத் திருப்பிப் போட்டபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டு, ஒரே சமயத்தில் வெட்கப்பட்டு உட்கார்ந்தோம். உட்காரும்போது அவர் நாற்காலி என் நாற்காலியை ஒட்டி இருந்தது.

இரண்டாம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது ஒன்றரை ஆயிற்று. பெரியப்பா பஞ்சாங்கத்தை மூடினார். "எமகண்டம் போயிடுச்சு. அப்ப அந்த வேலை விஷயம்..."

"இருங்க அத்தான், இன்னும் முடியல," என்றார் அத்தை திரும்பாமலே. கணவரின் அண்ணனை அவர் அத்தான் என்றுதான் கூப்பிடுவார். அந்த அத்தானிடம் இருங்க என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆட்டம் சமனில் முடிந்தது. "டிராவா? அப்ப ஆளுக்கு ஒரு பாயிண்ட்டா?" என்றார் மாப்பிள்ளைப் பையன். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். பதில் சொல்ல எங்களுக்கு நேரம் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கிவிட்டது. ஸ்வீடன்காரர் ஒருவர் சுழன்று திரும்பி அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் செனகல்காரர் ஒருவர் அடித்தார். அதுவும் கம்பத்தில்தான் பட்டது. ஆனால் உள்ளே போயிற்று.

அத்தை எழுந்து நின்று கைதட்டினார். நான் மட்டும் இன்னும் விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் நேரம் இருக்கே, அவங்க திருப்பிப் போட்டுட்டா?" என்றேன். உருகுவேயில் சூடு கண்ட பூனை நான்.

"இல்லம்மா. இது கோல்டன் கோல். கூடுதல் நேரத்துல யாரு முதல்ல போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாச்சு. அதோட முடிஞ்சுது. அப்புறம் யாரும் பதில் போட முடியாது." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். டிவியில் மஞ்சள் சட்டைக்காரர்கள் புல்லில் விழுந்து கிடந்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்தார். பிறகு திரும்பி பெரியப்பாவைப் பார்த்தார்.

"அத்தான், இந்தப் பிள்ள வேலைய விட நக்கோ. எனக்கு இவளப் பிடிச்சிருக்கு. வேலைக்குப் போயிட்டு வரட்டும். நான் வீட்டப் பாத்துக்கறேன்."

கூடத்தில் விமானம் இறங்கின மாதிரி ஒரு அமைதி. எல்லோரும் பெரியப்பாவையே பார்த்தோம். அவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்சேபணைக்கு எதையாவது பிடிக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தைத் திறந்து ஒரு விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டினார். எமகண்டம் போய்விட்டது. குளிகை வரவில்லை. ராகு காலம் நாலரைக்கு மேல்தான்.

"நேரம் நல்லாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

அம்மா இன்னொரு தடவை கேசரி கிளறப் போனாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளை என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் அப்போது அவரைப் பார்க்கவில்லை. அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை துருக்கியோடு ஆடி செனகல் தோற்றது. அதே கோல்டன் கோலில்தான். இரண்டு பக்கமும் கூரான கத்தி அது. நிச்சயம் செய்த பெண்களுக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன் வரும் என்பார்கள். எனக்கு வந்தது மாமியாரிடமிருந்து. "போச்சேம்மா," என்று ஒரே அழுகை. ஆபீஸில் கெட்டில் என் கைக்கு வந்தது. போலாரத்துக்கு மருமகளாகப் போனேன். அங்கிருந்து பஸ்ஸில் பேகம்பேட்டுக்கு வேலைக்கும் போனேன். மகள் பிறந்தபோது அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்தவர் அத்தை. அத்தை சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான். நான் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார், "நம்ம பசங்க விஷயம் எதாவது பேப்பர்ல வந்துச்சா?"

நம்ம பசங்க அதன் பிறகு பல வருஷம் உலகக் கோப்பைப் பக்கமே வரவில்லை. திரும்ப வந்த வருஷம், ஜப்பானோடு புள்ளி, கோல் எல்லாமே சமமாக நிற்க, மஞ்சள் அட்டை அதிகம் வாங்கினார்கள் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். "நடத்தைக்கு மார்க்கா? இது ஆட்டமா, ஸ்கூலா?" என்று அத்தை கையில் கட்டியிருந்த ஜப்பான் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். அடுத்த வருஷம் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி வரை போய்த் தோற்றார்கள். அன்று பெனால்டியைக் கோட்டை விட்ட அந்தக் கேப்டன்தான் அப்போது அவர்களுக்குப் பயிற்சியாளர். "அவன் ஒரு நாள் ஜெயிப்பான் பாரு," என்பார் அத்தை. "பட்ட அடி சும்மா விடாது."

விமான நிலையம் பேகம்பேட்டை விட்டு ஷம்ஷாபாத்துக்குப் போயிற்று. எங்கள் ஆபீஸும் கொஞ்ச நாளில் மூடிவிட்டது. நான் வேறு இடத்தில் சேர்ந்தேன், இன்றும் போய் வருகிறேன். சிவப்புக் கார்பன் டிக்கெட்டை இப்போதைய பிள்ளைகளிடம் காட்ட ஒன்றுகூட மிச்சமில்லை. கோல்டன் கோல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பிரான்ஸுக்கு எதிராக அந்த முதல் கோலைப் போட்டுச் சட்டையை விரித்தவர் இளவயதிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அத்தை சாமி அறையில் ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினார். அடுத்த வருஷம், கொரோனாவின் இரண்டாவது அலையில், அத்தையும் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரைதான் எங்களை விட்டார்கள்.

அதற்கு அடுத்த பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை. காபியை வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். செனகல் ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயித்திருந்தது. முதல் கோப்பை. பெனால்டியில்தான். பயிற்சியாளர் அவரேதான். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அத்தையின் அறைப் பக்கம் நான்கு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

கணவரிடம் சொன்னேன். "அப்படியா? நல்லது," என்று ஷேவிங்கைத் தொடர்ந்தார். பாவம், நல்ல மனிதர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார். இன்னொருவர் குட் மார்னிங் ரோஜாப்பூ அனுப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலை வேளையில், கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டுக்காக, அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் பயந்துபோய் ஓடிவந்தாள். என் போனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வாயில்தான் வராது.

"ஜீத் கயே நா மம்மா? தென் ஒய் ஆர் யூ க்ரையிங்?" ஜெயித்துவிட்டார்களே, பிறகு ஏன் அழுகிறாய் என்கிறாள்.

"தோத்திருந்தா அழுதிருக்க மாட்டேன்டி," என்றேன்.